யந்திரக் கரமும் கூலிப் பங்கும்

யந்திரம் வந்தால் வேலை போய்விடுமா என்னும் வினா, நம் சங்கங்களின் பொதுப் பேரவைக் கூட்டங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழுகின்றது. நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், ஆண்டறிக்கை படித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்கு அடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் போதிய அளவு கேட்பதில்லை. யந்திரம் வந்த பின் எஞ்சி நிற்கும் வேலையில் யாருக்கு எவ்வளவு கூலி? ஒரே கூரையின்கீழ் ஒரே பொருளைச் செய்து வந்த இருவரில் ஒருவர் கூலி ஏறுவதும் மற்றவர் கூலி இறங்குவதும் எதனால்?

வேலை அடியோடு போவது ஒரே நாளில் ஊரறியத் தெரிந்துவிடும். கூலி வித்தியாசமோ கறையானைப் போல் ஓசையின்றி ஏறுவது. சுவர் உதிரும்போதுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். ஆகவே பிற நாடுகளில் நடந்தவற்றை முதலில் கண்டு, பிறகு நம் தறிக்கும் களத்துக்கும் அவற்றால் பெறும் பாடம் யாதென்று இங்கு ஆராய்வோம்.

ரோபோ என்னும் பெயர்

தொழிற்சாலையில் மனிதக் கை செய்யும் வேலையைத் தானே செய்யும் யந்திரக் கரத்திற்கு ரோபோ என்று பெயர். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகம் ஒன்றினால் இச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது, நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலையைக் குறிக்கும். நம் நாட்டில் ‘வெட்டி’ என்று வழங்கி வந்ததற்கு ஒப்பானது அது. கூலி கேளாத வேலையாள் என்ற கருத்து அப்பெயரிலேயே அமைந்துவிட்டது.

ஜார்ஜ் டெவோல் என்னும் அமெரிக்கர் 1954-இல் விண்ணப்பித்து 1961-இல் உரிமை பெற்ற யந்திரக் கரம், அதே 1961-ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தது. அச்சில் வார்த்த உலோகத் துண்டுகளைச் சூட்டோடு எடுத்து வைப்பது அதற்கிட்ட பணி. மனிதனுக்குத் தீங்கான அவ்வேலையை யந்திரம் ஏற்றதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு கரம் பெருகி, 2024-ஆம் ஆண்டின் முடிவில் உலகத் தொழிற்சாலைகளில் ஏறக்குறைய 46 லட்சத்துக்கு மேற்பட்ட ரோபோக்கள் இயங்கின. அவ்வாண்டில் மட்டும் புதிதாக அமர்த்தப்பட்டவை சுமார் 5 லட்சத்து 42 ஆயிரம். அவற்றுள் பாதிக்கு மேல் சீனாவில். இந்தியாவில் அவ்வாண்டு அமர்ந்தவை சுமார் 9,100.

இக்கரங்களின் முன்னோர் நம் தறியின் தலைமேலேயே இருக்கிறார் என்பதை நெசவாளர் அறிய வேண்டும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு, 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்த பொறியில், அட்டைத் துளைகளின் வரிசையே யந்திரத்துக்கு எழுதிக் கொடுத்த ஆணையாயிற்று. அதற்கு முன் பூ வேலைத் தறியில் கயிறுகளை இழுக்க ஒரு சிறுவன் இருந்தான். அவன் வேலை போயிற்று. அட்டை துளைப்போர் வேலை பிறந்தது. இன்று கணிப்பொறியால் இயங்கும் ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டை துளைப்போர் வேலையும் குறைந்து, கணிப்பொறியில் டிசைன் அமைப்போர் வேலை பெருகுகின்றது. ஒரு கையை இறக்கி மற்றொரு கையை ஏற்றும் யந்திரத்தின் இயல்பு இதனால் விளங்கும்.

லங்காஷயர் தந்த பாடம்

இவ்வியல்பை உலகம் முதன்முதல் பெரிய அளவில் கண்டது இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்பு யந்திரங்கள் வந்தபோது, கையால் நூற்றவர் வேலை இழந்தனர். ஆனால் நூல் மலிந்து குவிந்ததால் அதை நெய்வதற்கு ஆள் போதவில்லை. கைத்தறி நெசவாளர் கூலி உயர்ந்தது. போல்ட்டன் நகரத்தில் 1795-ஐ ஒட்டி ஒரு நெசவாளரின் வாரக்கூலி 33 ஷில்லிங் வரை இருந்தது. ஒரே யந்திரம், நூற்பவள் கூலியைப் பறித்து நெய்பவன் கூலியை உயர்த்தியது. நம் நாட்டிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஆலை நூல் வந்தபோது ராட்டினம் சுழற்றிய கைகள் வேலை இழந்தன. தறி அந்நூலையே வாங்கிப் பிழைத்துக் கிடந்தது.

அந்த நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. போல்ட்டன் நெசவாளரின் வாரக்கூலி 1815-இல் 14 ஷில்லிங்காகவும், 1830-ஐ ஒட்டி ஐந்தரை ஷில்லிங்காகவும் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு விசைத்தறி ஒன்றே காரணம் என்று கூறுவது பொருந்தாது. கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமை பெற்றது 1785-இல். ஆயினும் 1813-இல் பிரிட்டனில் இருந்த விசைத்தறிகள் சுமார் 2,400 மட்டுமே. அதற்குள்ளாகவே கூலி இறங்கத் தொடங்கிவிட்டது. நல்ல கூலியைக் கண்டு எளிதில் கற்கக்கூடிய அத்தொழிலில் பலர் வந்து புகுந்தனர். 1799, 1800-ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி பேசுவதைக் குற்றமாக்கின; 1824 வரை அவை நீங்கவில்லை. குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று 1808-இல் நெசவாளர் கேட்டதைப் பாராளுமன்றம் ஏற்கவில்லை. கூலி இவ்வாறு காவலின்றிக் கிடந்த வேளையில்தான் விசைத்தறி பெருகிற்று. 1833-இல் அவை ஒரு லட்சம். 1850-இல் இரண்டரை லட்சம். 1820-களில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறி நெசவாளர் கூட்டம் ஒரு தலைமுறைக்குள் கரைந்து போயிற்று.

1811-ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் பகுதியில் தொடங்கி, யந்திரங்களை உடைத்த தொழிலாளரை லட்டைட்டுகள் என்று வரலாறு கூறும். அவர்களை யந்திரத்தின் வைரிகள் என்பர். ஆனால் அப்பகுதியில் அவர்கள் கண்ட சட்டங்களையெல்லாம் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவர்களின் சட்டங்களையும், மட்டமான சரக்கை விற்றவர்களின் சட்டங்களையும் தேடி உடைத்தனர். கூலி வழக்கைக் கேட்க மன்றம் இல்லாதபோது சம்மட்டி வழக்காடியது. அதற்கு விடையாக 1812-இல் பாராளுமன்றம், யந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் செய்தது.

வேறொரு விடை 1844-இல் பிறந்தது. அதே லங்காஷயரின் ராச்டேல் நகரத்தில், கூலி உயர்வு கேட்டுத் தோற்ற கம்பளி நெசவாளர் சிலர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து, 28 பவுன் மூலதனத்தோடு அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் அங்கு விற்ற சரக்குகள். நம் கூட்டுறவு இயக்கம் தன் முன்னோடிகளாகக் கொள்வது அவர்களையே. நம் இயக்கமே யந்திரத்தால் கூலி குலைந்த நெசவாளர் தெருவில் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்கக் கணக்கு

லங்காஷயரின் கதை ரோபோ காலத்திலும் நடக்கிறதா என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களான டாரன் அசெமோக்லு, பாஸ்குவல் ரெஸ்ட்ரெபோ ஆகிய இருவரும் கணக்கிட்டுள்ளனர். அசெமோக்லு 2024-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்களுள் ஒருவர். 1990 முதல் 2007 வரையிலான காலத்தை ஆராய்ந்து அவர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவு இது: ஆயிரம் தொழிலாளருக்கு ஒரு ரோபோ கூடுதலாக வந்தால், நாட்டில் வேலை செய்வோர் விகிதம் 0.2 சதவீதப் புள்ளியும், கூலி 0.42 சதவீதமும் குறைகின்றன. எண் சிறிதாகத் தோன்றும். ஆனால் அது நாடு முழுமைக்கும் பரப்பிய சராசரி. மோட்டார்த் தொழில் செறிந்த மிச்சிகன் போன்ற பகுதிகளில் அடி பன்மடங்கு பலமாக விழுந்தது.

2022-இல் அவ்விருவரும் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1980 முதல் அமெரிக்கத் தொழிலாளரிடையே கூலி வித்தியாசம் பெருகி வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் மெய்யான கூலி, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த கூலி, 1980-இல் இருந்ததைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்திருக்கிறது. கல்லூரியில் மேற்படிப்புப் படித்தவர் கூலியோ ஏறிக்கொண்டே வந்தது. கூலி அமைப்பில் நேர்ந்த இம்மாறுதல்களில் 50 முதல் 70 சதவீதம் வரை, யந்திரமயமான தொழில்களில் ஒரே விதமான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து வந்தோரின் கூலிச் சரிவால் விளைந்தது என்று அவர்கள் கண்டனர். இத்தனைக்கும் அந்நாடு அக்காலத்தில் ஏழையாகிவிடவில்லை. செல்வம் பெருகிற்று, பங்கீடு மாறிற்று.

ஜெர்மனி காட்டும் வேறுபாடு

அமெரிக்காவைவிட ஜெர்மனியில் தொழிலாளர் தொகைக்கு ரோபோக்கள் அதிகம். அங்கே 1994 முதல் 2014 வரை நடந்ததை அந்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். ஆலை வேலைகள் குறைந்த அளவுக்குப் பிற துறைகளில் வேலைகள் பெருகின. ஆதலின் மொத்த வேலைத்தொகை குறையவில்லை. ஆலையில் ஏற்கெனவே இருந்தவர்களைப் பெரும்பாலும் வெளியேற்றாமல் அவ்வாலையிலேயே வேறு பணிக்கு மாற்றினர். தொழிற்சங்கங்களும், ஆலை தோறும் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களும் அந்நாட்டில் வலுவாக இருப்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஜெர்மனியிலும் நிழல் இல்லாமல் இல்லை. புதிதாக வேலை தேடி வந்த இளைஞருக்கு ஆலைக் கதவு குறுகிற்று. மேற்படிப்பும் தொழில் நுட்பமும் உடையவர் கூலி ஏற, யந்திரம் இயக்கிய நடுத்தரத் தொழிலாளர் கூலி தளர்ந்தது. மொத்த வருமானத்தில் உழைப்பின் பங்கு குறைந்து முதலின் பங்கு ஏறிற்று. வேலையைக் காப்பது ஒரு காரியம், கூலிப் பங்கைக் காப்பது வேறொரு காரியம் என்பதை ஜெர்மனி நமக்குக் காட்டுகிறது.

வித்தியாசம் வளரும் வழி

ஒரு தொழில் என்பது பல சிறு வேலைகளின் கோவை. நெசவை எடுத்துக்கொண்டால், தார் சுற்றுதல், பாவு ஓடுதல், கஞ்சி தோய்த்தல், பாவு பிணைத்தல், நெய்தல், மடித்தல் என்று அக்கோவை நீளும். யந்திரம் அக்கோவை முழுவதையும் ஒரேயடியாக விழுங்குவதில்லை. ஒன்றிரண்டு மணிகளைக் கழற்றி எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து மூன்று விளைவுகள் தோன்றுகின்றன.

முதலாவது, கழன்ற வேலையைச் செய்தவர் வேறு வேலை தேடுகிறார். அவரைப் போன்றோர் பலர் ஒரே வாசலில் போய் நிற்பதால் அங்கும் கூலி இறங்குகிறது. யந்திரம் புகாத வேலைக்கும் இவ்வாறு அதன் நிழல் விழுகிறது.

இரண்டாவது, கழன்ற வேலைக்கு முன்னும் பின்னும் நிற்பவர், யந்திரத்தின் வேகத்துக்கு ஈடு கொடுக்கக் கூடுதலாகத் தேவைப்படுகிறார். யந்திரத்தைப் பழுது பார்ப்பவர், அதற்கு ஆணை எழுதுபவர், சரக்கை விற்பவர் ஆகியோர் கூலி ஏறுகிறது. சரக்கு மிக மலிந்து வாங்குவோர் தொகை பன்மடங்கு பெருகுமானால் ஆள் தேவையும் பெருகலாம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு கெஜத் துணிக்கு வேண்டிய நெசவு உழைப்பு மிகக் குறைந்தும், துணி விற்பனை பெருகியதால் ஆலை நெசவாளர் தொகை கூடியது. அங்கும் கூலி உயர்வு உடனே வரவில்லை. பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, மிச்சமாகும் கூலி எங்கோ போய்ச் சேர வேண்டுமல்லவா? அது யந்திரத்தின் உடைமையாளரிடம் இலாபமாகவோ, வாங்குவோரிடம் விலைக் குறைவாகவோ, எஞ்சிய தொழிலாளரிடம் கூலி உயர்வாகவோ போகலாம். அறிவியல் இதைத் தீர்மானிப்பதில்லை. யந்திரம் யாருடையது, கூலி பேச யாருக்கு வலு உண்டு என்பனவே தீர்மானிக்கின்றன. கூட்டுறவாளர் கண் வைக்க வேண்டிய இடம் இதுவே.

நம் ஊர்களில்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மோட்டார்த் தொழிற்சாலைகளில் உடற்கூட்டைப் பற்றவைக்கும் வேலையை இன்று யந்திரக் கரங்களே பெரிதும் செய்கின்றன. அத்தகைய தொழிற்சாலைகளில் ஒரே வரிசையில் நிரந்தரத் தொழிலாளரும், ஒப்பந்தத் தொழிலாளரும், பயிற்சியாளர் என்னும் பெயரில் வந்தவரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். உடுப்பு ஒன்றாயினும் சம்பளச் சீட்டு வேறு. இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளரில் 2022-23-ஆம் ஆண்டில் 100-க்குச் சுமார் 40 பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். யந்திரத்தால் கூடும் வருமானத்தில் பேரம் பேசிப் பங்கு கேட்க இவர்களுக்கு இடமில்லை. வித்தியாசத்துக்கு யந்திரமும் ஒப்பந்த முறையும் இரண்டு சக்கரங்கள்.

கைத்தறியின் நிலையைப் பார்ப்போம். 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் இருந்தவர் 35.22 லட்சம் பேர். அவர்களில் நெசவாளர் 26.73 லட்சம், துணை வேலை செய்வோர் 8.48 லட்சம். பத்தில் ஏழு பேருக்குமேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் 100-க்குச் சுமார் 66 குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாயை எட்டவில்லை. இத்தகைய வீட்டில் ஒரு வேலை கழன்று போனால் அதைத் தாங்கும் மெத்தை எங்கே இருக்கிறது?

வயலிலும் இதே கதைதான். நெற்கதிர் அறுக்கும் யந்திரம் வந்தபின் உழவருக்கு அறுவடைச் செலவு குறைந்தது, மழைக்கு முன் கதிரைக் கரையேற்றவும் முடிந்தது. யந்திரத்தை ஓட்டுபவருக்கு நல்ல சம்பளம். அரிவாளோடு களத்துக்கு வந்து நெல்லாகக் கூலி அளந்து போன பெண்களுக்கோ அந்தச் சில வார வருமானம் சுருங்கிற்று. உழவர் பெற்ற இலாபம் பொய்யன்று. அப்பெண்கள் இழந்த கூலியும் பொய்யன்று. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

ஒரு தறியின் கணக்கு

கணக்கில்லாமல் பேசுவது தணிக்கை செய்வோருக்கு அழகன்று. ஆகவே விளக்கத்துக்காக மட்டும் எண்களை அமைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சேலை கொண்ட ஒரு பாவுக்குச் சங்கம் தரும் கூலி 20,000 ரூபாய் என்று கொள்வோம். நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து அதை 40 நாளில் நெய்கின்றனர். நெசவாளர் 14,000 ரூபாயை வைத்துக்கொண்டு உதவியாளருக்கு 6,000 கொடுக்கிறார். நாளொன்றுக்கு நெசவாளருக்கு 350 ரூபாய், உதவியாளருக்கு 150.

உதவியாளர் இன்றியே நெய்ய உதவும் மின்கருவி ஒன்றை நெசவாளர் கடனில் வாங்கிப் பொருத்துகிறார். இப்போது தாமே 32 நாளில் பாவை முடிக்கிறார். கடன் தவணைக்கும் மின்சாரத்துக்கும் பாவொன்றுக்கு 2,000 ரூபாய் கழித்தால் அவர் கையில் 18,000. நாளொன்றுக்கு 562 ரூபாய். அவருக்கு நல்ல உயர்வு. உதவியாளருக்கு ஒன்றுமில்லை.

கதை இங்கே முடிவதில்லை. கருவி பல தறிகளுக்கு வந்ததும், ‘வேலை எளிதாயிற்றே, இரண்டாவது ஆள் இல்லையே’ என்று கூலி கொடுப்போர் பாவுக் கூலியை 14,000 ஆக்குகின்றனர். கருவிச் செலவு போக 12,000. நாளொன்றுக்கு 375 ரூபாய். நெசவாளருக்கு நிலைத்த உயர்வு நாளைக்கு 25 ரூபாயே. உதவியாளர் இழந்தது நாளைக்கு 150. பாவொன்றுக்கு 6,000 ரூபாய் கூலியிலிருந்து கழன்று வணிகரிடமோ வாங்குவோரிடமோ போயிற்று. முதற்கட்டத்தில் நெசவாளருக்கும் உதவியாளருக்கும் இடையே தோன்றிய வித்தியாசம், அடுத்த கட்டத்தில் இருவருக்கும் மேலே இருப்பவரோடு உள்ள வித்தியாசமாக மாறுகிறது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கருவி சங்கத்தின் உடைமை. கூலி 20,000 குறைக்கப்படுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். கருவிச் செலவுக்கு 2,000; ஒதுக்கு நிதிக்கு 1,000; வேலை மாறும் உதவியாளர் நிதிக்கு 2,500; நெசவாளருக்கு 14,500. நெசவாளர் நாட்கூலி 453 ரூபாய். தாமே கருவி வாங்கிய முதல் நாட்களைவிட இது குறைவு. கூலி வெட்டுக்குப் பின் கிடைப்பதைவிட இது மிகுதி. உதவியாளரும் கைவிடப்படவில்லை.

இம்மூன்றாவது வழிக்கு இடையூறாக நிற்பது பணமன்று, நம் பதிவேடு. நாம் பார்த்த சங்கங்களில் அங்கத்தினர் பேரேட்டில் இருப்பது தறிக்குடையவர் பெயர். தார் சுற்றும் பெண்ணின் பெயரும் உதவியாளரின் பெயரும் அதில் இருப்பதில்லை. சங்கம் கூலி கொடுப்பது அங்கத்தினருக்கு. அங்கத்தினர் கொடுப்பது மற்றவர்க்கு. யந்திரம் வாங்கலாமா என்று வாக்கெடுப்பு நடக்கும்போது, அதனால் வேலை இழக்கப் போகிறவர் மண்டபத்தில் இருப்பதில்லை. சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட நம் சங்கமும் அறியாமலே வித்தியாசத்தை வளர்க்கக்கூடும் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பங்கிட்டவர் இருவர்

யந்திரத்தின் மிச்சத்தைப் பங்கிட முயன்றவர் உலகில் உண்டு. அமெரிக்காவின் பசிபிக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் 1960-இல் கப்பல் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. யந்திரங்களைக் கொண்டுவரத் தடையில்லை, அதற்கு ஈடாக ஐந்தரை ஆண்டுகளில் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்கு வர வேண்டும், ஆட்குறைப்புக் கூடாது, முன்னதாக ஓய்வு பெறுவோருக்குத் தொகை தர வேண்டும் என்பவை அதன் சாரம். யந்திரத்தோடு சண்டையிடாமல் அதற்கு விலை பேசிய ஒப்பந்தம் அது. ஆனால் இரண்டாம் வகுப்பில் பதிவான தொழிலாளருக்கு அந்நிதியின் பலன் எட்டவில்லை. பேரேட்டில் யார் பெயர் இருக்கிறது என்னும் கேள்வி அங்கும் எழுந்தது.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மோண்ட்ராகன் நகரத்தில், அரிஸ்மென்டியாரியேட்டா என்னும் பாதிரியாரின் மாணவர் ஐவர் 1956-இல் அடுப்புச் செய்யும் கூட்டுறவுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். அதிலிருந்து கிளைத்த கூட்டுறவுகள் இன்று யந்திரங்களையும் தானியங்கிக் கருவிகளையும் செய்து உலகெங்கும் விற்கின்றன. தொடக்கத்தில் அங்கே உச்ச சம்பளம் அடிச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படக் கூடாது என்பது விதி. பிறகு அது தளர்ந்து பெரிய கூட்டுறவுகளில் ஆறு மடங்கு அளவுக்கு வந்தும், வெளியுலகக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறுகிய இடைவெளியே. அக்குழுவின் முதல் தொழிற்சாலையின் வழிவந்த, வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஃபாகோர் கூட்டுறவு 2013-இல் நொடித்துப் போயிற்று. வேலை இழந்த அங்கத்தினருள் பெரும்பாலோருக்கு மற்றக் கூட்டுறவுகளில் இடம் தேடித் தரப்பட்டது. வெளிநாட்டுக் கிளைகளில் இருந்த, அங்கத்தினரல்லாத தொழிலாளருக்கு அந்தக் காவல் இல்லை. கூட்டுறவின் வலிமையும் அதன் எல்லையும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன.

சங்கங்கள் செய்யத்தக்கவை

யந்திரத்தை வாசலில் நிறுத்த நம்மால் இயலாது. நிறுத்துவது நல்லதும் அன்று. கால் வீங்கக் குழித்தறியில் மிதித்தவர்க்கு அவ்வேதனை குறைய வேண்டாமா? ஆயினும் யந்திரம் உள்ளே வருவதற்கு முன் சில காரியங்கள் முடிந்திருக்க வேண்டும். நிர்வாகக் குழுவினர் கீழ்க்கண்டவற்றை ஆலோசிப்பார்களாக.

முதலாவது, வேலைக் கணக்கு. ஒவ்வொரு பாவிலும் யார் யார் என்னென்ன வேலை செய்து எவ்வளவு பெறுகின்றனர் என்பதைத் தறிக்குடையவர் மட்டுமன்றித் துணை வேலையாளர் பெயரோடும் ஓர் ஏட்டில் எழுத வேண்டும். விவசாயிகள் சங்கமாயின் நடவு, களை, அறுவடை ஆகியவற்றின் ஆட்கூலியை அவ்வாறே எழுதலாம். எழுதாத கூலியை இழந்தவருக்கு ஈடு கேட்க வழியில்லை.

இரண்டாவது, அங்கத்துவம். சட்டமும் துணைவிதிகளும் இடம் தரும் அளவுக்குத் துணை வேலை செய்வோரை அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். பங்குத்தொகை கட்ட இயலாதவர்க்குத் தவணை வசதி செய்யலாம்.

மூன்றாவது, உடைமை. விலை மிகுந்த கருவியை அங்கத்தினர் தனித்தனியே கடன்பட்டு வாங்குவதைவிடச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடுவது நலம். நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பல விவசாயக் கருவிகளை வாடகைக்கு விட்டு வருகின்றன. சிறு விவசாயிக்கு எட்டாத யந்திரம் இம்முறையில் எட்டுகிறது. வாடகையில் தேய்மானத்தை ஒதுக்க மறந்தால் ஐந்தாண்டில் யந்திரமும் இராது, பணமும் இராது.

நான்காவது, பங்கீட்டுத் தீர்மானம். யந்திரத்தால் மிச்சமாகும் தொகையில் நெசவாளருக்கு எவ்வளவு, வேலை மாறுவோருக்கு எவ்வளவு, நிதிக்கு எவ்வளவு, விலைக் குறைப்புக்கு எவ்வளவு என்பதை யந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே பொதுப் பேரவையில் தீர்மானித்து நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். வந்த பின் பேசினால் கை முந்தியவரே பங்கை எடுத்துக்கொள்வார்.

ஐந்தாவது, பயிற்சி. யந்திரம் யார் வேலையை எடுக்கிறதோ அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அந்த யந்திரத்தைக் கற்கும் முதல் உரிமை தர வேண்டும். கணிப்பொறியில் டிசைன் அமைத்தல், கருவி பழுது பார்த்தல், சரக்கின் தரம் பார்த்தல் ஆகியவை நெசவுத் தெருவில் பிறந்தவருக்கு எட்டாத கலைகள் அல்ல. நூலின் போக்கை அறிந்த கண், திரையிலும் அதை அறியும். வயது முதிர்ந்து புதுத்தொழில் கற்க இயலாதவர்க்கு அந்நிதியிலிருந்து மாத உதவி தரலாம்.

இவையனைத்தையும் சிறிய சங்கம் ஒன்று தனித்துச் செய்வது அரிது. சந்தையில் விலை வீழ்ந்தால் 20,000 கூலியை எந்தத் தீர்மானமும் தாங்கி நிற்காது. ஆதலின் அருகிலுள்ள சங்கங்கள் சேர்ந்து கூலி விகிதத்தை ஒன்றாக நிர்ணயிப்பதும், யந்திரங்களைப் பொதுவில் வைப்பதும், கையால் நெய்ததற்கே உரிய நயத்தை வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லி விற்பதும் அவசியமாகின்றன. போல்ட்டன் நெசவாளர் இரண்டு லட்சம் பேருள் ஒருவராக இருந்தும் தனி ஆளாகவே கூலி பேச நேர்ந்தது. நமக்குச் சங்கம் இருக்கிறது, பேரேடு இருக்கிறது, வாக்கு இருக்கிறது.

வரும் பொதுப் பேரவையில் யந்திரம் வாங்கும் தீர்மானம் எதுவும் வருமானால், அதன் விலையைக் கேட்கும்போதே அதன் மிச்சம் யாருக்கு என்பதையும் அங்கத்தினர் கேட்பார்களாக. அக்கேள்விக்கு விடை எழுதப்படும் வரை தீர்மானத்தின்மீது வாக்கெடுப்பை ஒத்தி வைப்பதில் சங்கத்துக்கு நட்டம் ஒன்றும் வந்துவிடாது.